அக்காவும் பழைய பிளக்குகளும்

போன கிழமை முதியோர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீரும் வடையும் வந்த நேரத்தில், நீங்கள் எல்லாரும் கதைத்ததை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நம்மில் ஒருத்தியின் பேரனுக்கு ஓட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை மெல்லச் சொல்லி வாய் மூடவில்லை, நாம் ஆளுக்கொரு வைத்தியர் ஆகிவிட்டோம். பிள்ளையிடம் ஃபோனைக் கொடுத்துப் பழக்கியதால் வந்தது என்றார் ஒருவர். தாய் வேலைக்குப் போகிறாள், முகம் பார்த்துக் கதைக்க வீட்டில் ஆளில்லை, அதுதான் என்றாள் இன்னொருத்தி. கடைசியில், நம் எல்லாரிலும் நல்ல மனசுக்காரர், அவளுடைய கண் கலங்கியதைக் கண்டு ஆறுதலாக ஒன்று சொன்னார்: "யோசிக்காதேங்கோ. இப்பிடிப்பட்ட பிள்ளையளுக்கு ஆண்டவன் ஒரு விசேஷ சக்தி குடுத்திருப்பான். அது என்னெண்டு கண்டுபிடியுங்கோ, பிறகு பாருங்கோ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வடை இருந்தது ஒரு காரணம். சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது மற்றக் காரணம். வீட்டுக்கு வந்தபோது அக்கா பின்கதவடியில் தன் கதிரையில் இருந்தாள். அவளைப் பார்த்ததும், எழுதித்தான் தீர வேண்டும் என்று தோன்றியது. முதல் இரண்டு கதையையும் நான் மன்னித்துவிடுவேன், அவை வெறும் வம்பு. மூன்றாவதுதான் என்னைக் கதிரையில் பிடித்து இருத்தியது. ஏனென்றால் அந்தச் சக்தியை எங்கள் தெருவே ஒருமுறை கண்டுபிடித்தது.

நாங்கள் அப்போது இருந்தது பட்டினத்தின் கடற்கரைத் தெரு ஒன்றில். வேலிக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். அப்பா கடலுக்குப் போகிறவர் அல்ல, போகிறவர்களின் எஞ்சினைத் திருத்துகிறவர். வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற எஞ்சின்கள் ஊருக்குள் வரத் தொடங்கிய காலம் அது. அதற்கு முன் பாயும் துடுப்புத் தண்டும்தான். புது எஞ்சின் வாங்கியவர்கள் அதை மாப்பிள்ளையைப் போலக் கவனித்தார்கள். அதுவும் மாப்பிள்ளையைப் போலவே நினைத்த நேரம் முரண்டு பிடித்தது. அப்படி முரண்டு பிடித்தவை எல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்தன. முற்றத்து மூலையில் தண்ணீர் நிறைந்த பெரிய தகரப் பீப்பா ஒன்று இருந்தது. திருத்திய எஞ்சினை அதன் விளிம்பில் பூட்டி, கயிற்றை இழுத்து, தண்ணீருக்குள் ஓட விட்டுப் பார்ப்பார் அப்பா. பீப்பாத் தண்ணீர் குமுறி எழும்பும். நீலப் புகை வேப்பமரம் வரைக்கும் போகும். எங்கள் வீட்டுச் சொதியிலும் மண்ணெண்ணெய் மணக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லுவார். சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணம் வாங்கிப் போவார்.

அப்பா கயிற்றில் கை வைத்த உடனேயே அக்கா காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். விறகு அடுக்கிய கொட்டிலின் கடைசி மூலைதான் அவளுடைய இடம். எஞ்சின் நின்று கனநேரம் கழித்துத்தான் வெளியே வருவாள். வந்ததும் நேரே பீப்பாவடிக்குப் போய், விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு, தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் ஓடுகிற நிறங்களைப் பார்ப்பாள். நீலம், ஊதா, மஞ்சள். அதைப் பார்க்கும்போது அவளுடைய முகத்தில் வருகிற சந்தோசத்தை நான் வேறு எந்தப் பிள்ளையின் முகத்திலும் கண்டதில்லை. எனக்கும் காட்ட மாட்டாளா என்று பக்கத்தில் போய் நிற்பேன். அவள் கொஞ்சம் தள்ளி இடம் விடுவாள். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த கதை, ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பேச்சு மிகக் குறைவு. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சோறு வெள்ளையாகவே இருக்க வேண்டும், கறி தொட்டால் முழுக்கோப்பையும் போய்விடும். யாராவது தலையைத் தடவினால் சுட்டதுபோலத் துள்ளுவாள். அப்பா எஞ்சினிலிருந்து கழற்றி எறியும் பழைய ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து, கழுவி, குசினி அரைச்சுவரில் வரிசையாக வைப்பாள். எந்த எஞ்சினில் கழற்றியது எது என்பது அவளுக்கு நல்ல நினைவு. ஒன்றை நீங்கள் ஓர் அங்குலம் நகர்த்தினாலும் வீடு இரண்டுபடும். அம்மா அந்தச் சுவரைத் துடைப்பதையே விட்டுவிட்டார்.

அவளைப் பற்றி ஊர் முதலில் சொன்னது, பிள்ளைக்குக் காது கேட்காது என்று. மாமி ஒருநாள் பித்தளைத் தாம்பாளத்தை அவளுடைய பிடரிக்குப் பின்னால் பிடித்து ஓங்கித் தட்டினார். அக்கா திரும்பவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "பாத்தியளோ, செவிடு" என்றார் மாமி. அதே மாமி பின்னேரம் எங்கள் வீட்டு உள்ளறையில் பனங்கட்டி பொதிந்த ஓலைக் குட்டானை ஓசைப்படாமல் பிரித்தார். அக்கா முற்றத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். மாமி பனங்கட்டியைக் கொடுத்தார், ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை.

பிறகு, தலைக்கனம் என்றார்கள். பிறகு, ஏதோ பார்த்துப் பயந்துவிட்டது என்று நூல் கட்டினார்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு பரிசாரியாரை அப்பா கூட்டி வந்தார். அந்த நல்ல மனிதர் நெடுநேரம் சும்மா இருந்து பார்த்துவிட்டு, "புள்ளையப் போட்டு நெருக்காதீங்க" என்று மட்டும் சொல்லி எழும்பினார். மருந்து தராத பரிசாரியை யார் மதிப்பார்கள்? கடைசியில் எல்லாப் பழியும் வந்து இறங்கிய இடம் அம்மா. பெற்றவள் மடியில் வைத்துக் கொஞ்சிக் கதைத்திருந்தால் பிள்ளை இப்படி வருமா என்று, அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே கதைப்பார்கள். இப்போது தாய் வேலைக்குப் போவதைக் குற்றம் சொல்கிறோம். எங்கள் அம்மா வேலைக்குப் போகவில்லை, வீட்டை விட்டே அசையவில்லை. அவருக்கும் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. அம்மா கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். கடைக்குப் போனாலும் வேலியோரமாகவே நடப்பார்.

மாரி தொடங்கப் போகிற ஐப்பசியில் அது மாறியது. கடல் கறுத்துக்கொண்டு வந்தது. வாடைக்காற்று ஏறினால் பிறகு தொழிலில்லை என்பதால், கிடைத்த நாளை விடாமல் வள்ளங்கள் விடியமுன் போய்ப் பின்னேரம் திரும்பின. பெண்களுக்கு அது நெஞ்சிடி காலம். எங்கள் பெரியம்மாவின் மகனுக்கு, பெரியண்ணா என்போம், அந்த வருடம்தான் கலியாணம் நடந்திருந்தது. அவருடைய மனைவி, எங்களுக்கு மச்சாள், திரியாயில் வயல் செய்கிற வீட்டுப் பெண். வெள்ளாமைக்குத் தண்ணீர் வருமா என்று பயந்து வளர்ந்தவளுக்குக் கடலைப் பார்த்துப் பயப்படுவது புதுப் பாடம். பெரியண்ணா போன நேரத்திலிருந்து வரும்வரை சாப்பிட மாட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்து, எஞ்சின் சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று வேலிப் படலையடியில் நிற்பாள்.

அப்படி நின்ற ஒரு பின்னேரம், ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், அக்கா திடீரென்று எழும்பி அரைச்சுவரில் ஒரு பிளக்கை எடுத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டு, காதில் கையை வைத்தபடி விறகுக் கொட்டிலுக்குள் ஓடினாள். கொஞ்சம் கழித்துக் கடலில் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் கழித்துப் பெரியண்ணாவின் வள்ளம் கரை தட்டியது. அவள் கையில் இருந்தது பெரியண்ணாவின் எஞ்சினில் அப்பா கழற்றிய பிளக். மச்சாளும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அடுத்த நாள் மாமி வேண்டுமென்றே வந்து இருந்தார். அக்கா வேறொரு பிளக்கை எடுத்து ஓடினாள். சம்மாட்டியாரின் வள்ளம் வந்தது. சம்மாட்டியார் என்றால் எங்கள் கரையில் வள்ளமும் வலையும் ஆட்களும் அதிகம் வைத்திருந்தவர். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது செவிடில்லையடி. அம்மாளாச்சி வந்து குந்தியிருக்கிறா. சோழி போட்டுப் பாக்கிற மாதிரியெல்லோ பிள்ளை எடுத்துக் காட்டுது!"

அவ்வளவுதான். தாம்பாளச் சத்தத்துக்குத் திரும்பாத அதே பிள்ளை ஒரே கிழமையில் தெய்வமாகிவிட்டாள். பின்னேரமானால் எங்கள் குசினியடியில் பெண்கள் கூட்டம். பிளக் வரிசைக்கு முன்னால் செவ்வரத்தம்பூ. ஒவ்வொரு பிளக்குக்கும் சந்தனப் பொட்டு. கற்பூரம் கொளுத்தப் போனபோது அப்பா ஓடி வந்தார்.

"ஐயோ, மண்ணெண்ணெய் நிக்கிற இடம். வீடே சாமியிட்டைப் போயிடும்!"

பெண்கள் கற்பூரத்தை இரண்டு முழம் தள்ளி வைத்துக் கொளுத்தினார்கள்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பெண்களில் யாருக்குத்தான் தன் புருசனின் எஞ்சின் சத்தம் தெரியாது? ஒவ்வொருத்திக்கும் தெரியும். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே, "எங்கடையாள் வாறார்" என்று எழும்புவார்கள். அக்காவுக்கு அது அவர்களைவிட முன்னுக்குக் கேட்டது, அவளைக் குத்தியது. எங்கள் முற்றத்துப் பீப்பாவில் ஓடாத எஞ்சின் அந்தக் கரையில் இல்லை. ஒவ்வொன்றும் எப்படி நோகும் என்று அவளுக்குப் பழக்கம். சக்தி என்று தெரு கும்பிட்டது அவளுடைய நோவை.

ஆனால் அம்மாவைச் சொல்லுகிறேன். அந்த ஐப்பசியில் அம்மா நிமிர்ந்து நடந்தார். வேலியோரம் போனவர் தெருவின் நடுவால் போனார். பிள்ளையைக் கொஞ்சத் தெரியாதவள் என்று சொன்ன வாய்கள், "நீ என்ன புண்ணியம் செய்தனியோ" என்றன. கலியாண வீட்டுக்காரர் வந்து வெற்றிலை வைத்து அழைத்தார்கள். அம்மா அலுமாரியில் மடித்து வைத்திருந்த கூறைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டார். பூச்சி உருண்டை மணத்தோடு அது கொடியில் ஆடியதும், அம்மா அதைத் தடவிப் பார்த்ததும் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதை யாரும் குறையாகச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இத்தனை வருடமும் தலை குனிந்தவளுக்குத் தலை நிமிர ஓர் இடம் கிடைத்தது.

விலையை அக்கா கொடுத்தாள். காதைப் பொத்திக்கொண்டு ஓட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று, கூட்டம் வழியை மறித்து நின்றது. எல்லாரும் தலையைத் தொட்டார்கள், காலைத் தொட்டார்கள். திருநீறு கண்ணுக்குள் விழுந்தது. மணி கிலுக்கினார்கள். அவள் வெள்ளைச் சோற்றையும் தள்ளினாள். நித்திரை போயிற்று. தன் கையைத் தானே கடிக்கத் தொடங்கினாள். மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்து கன்றிப்போயிருந்தது. அதைக் கண்டு பெண்கள், "அருள் ஏறுது" என்று கைகூப்பினார்கள்.

கரையோரத்தில் இருந்த சின்ன அம்மன் கோயிலின் பூசாரியார் ஒருநாள் வந்தார். கெட்டவர் அல்ல, முழு மனதோடு நம்பியவர்.

"பிள்ளை இனி வீட்டிலை இருக்கிறது சரியில்லை தங்கச்சி. கார்த்திகை விளக்கீடு கழிய அம்மாளோடை கோயிலிலை இருக்கட்டும். நான் என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன். சனம் வந்து கேக்கட்டும். உங்களுக்கும் பேர்."

அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா, "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் நடக்கப்போகிறது என்று அர்த்தம். விளக்கீட்டுக்கு அதிக நாள் இருக்கவில்லை. கோயில் மண்டபத்தின் மணியை நான் அறிவேன், அதை அடித்தால் எங்கள் வீடுவரைக்கும் கேட்கும். அக்கா அதற்குக் கீழே எப்படிப் படுப்பாள் என்று நினைத்து நான் அழுதேன். ஏழு வயதுப் பிள்ளையின் அழுகையை யார் கணக்கெடுப்பார்கள்?

விளக்கீட்டுக்கு முந்திய ஒரு நாள் காலையில் கடல் சும்மாதான் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வாடை திடீரென்று ஏறியது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன. அக்கா ஒவ்வொரு பிளக்காக எடுத்தாள், ஒவ்வொரு பெண்ணாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரைக்குப் போனாள். கடைசியில் பெரியண்ணாவின் பிளக் மட்டும் மிஞ்சியது. மச்சாள் அதன் முன்னால் நிலத்தில் இருந்தாள். போன பெண்களும் திரும்பி வந்தார்கள், அவர்களோடு ஆண்களும் வந்தார்கள். முற்றம் நிறைந்தது. எல்லாருடைய கண்ணும் அக்காவின் கையில்.

அக்கா அசையவில்லை. மாமி பிளக்கை எடுத்து அவள் கையில் திணித்தார். "சொல்லு தாயே, வாறானோ?" அக்கா அதைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்தாள். நேராக்கியும் வைத்தாள். மாமி மறுபடி திணித்தார். அவள் மறுபடியும் வைத்தாள்.

"அம்மாள் கைவிட்டிட்டா" என்றார் மாமி.

யாரோ ஒருத்தி குரல் எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கை வந்து மச்சாளின் தலையிலிருந்த பூவை உருவியது. மச்சாள் அழவில்லை, அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பயங்கரமானது இன்னொன்று நடந்தது. தேடிப் போவதற்கென்று தண்டும் கயிறும் எடுத்துத் தோளில் போட்டிருந்த ஆண்கள் அவற்றை இறக்கி வைத்தார்கள். சம்மாட்டியார் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார்.

"இனிப் போய் என்ன? வாக்கு வந்திட்டுது. விடியப் போய்க் கரையிலை பாப்பம்."

கரையில் பார்ப்பது என்றால் என்ன பார்ப்பது என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தார். அகப்பைக் கையோடு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அக்காவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

"அது வாக்கில்லை" என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. அம்மா இன்னொருதரம், தெருவே கேட்கச் சொன்னார். "அது வாக்கில்லை! என்ரை பிள்ளையிலை அம்மாளும் இல்லை, ஆரும் இல்லை. எஞ்சின் சத்தம் அவவுக்கு நோகுது. உங்களுக்குக் கேக்க முதல் அவவுக்கு நோகுது. அதுதான் காதைப் பொத்துறா. இந்தக் கையைப் பாருங்கோ, கடிச்சுக் கடிச்சு என்ன செய்து வைச்சிருக்கிறா எண்டு. இது அருளோ? எனக்கு முதல் நாளே தெரியும். நான்தான் சொல்லேல்லை."

மாமி வாயைப் பிளந்தார். "அப்ப இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்தினனியோ?"

"என்னைத்தான் ஏமாத்தினனான்" என்றார் அம்மா. "இப்ப அவவுக்கு நோகேல்லை. அவ்வளவுதான். அவன் செத்துப்போனான் எண்டு அவ சொல்லேல்லை. எஞ்சின் ஓடேல்லை எண்டுதான் அர்த்தம்."

அப்பா அதுவரை பீப்பாவில் சாய்ந்து நின்றவர், நிமிர்ந்தார். சம்மாட்டியாரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "அலைத்தண்ணி அடிச்சு எஞ்சின் நிண்டிருக்கும். இந்த வாடைக்குத் தண்டு வலிச்சு நேரை வரேலாது. கொட்டியாரக் குடாப் பக்கம்தான் இழுத்துக்கொண்டு போகும். இருட்ட முதல் போனால் பிடிக்கலாம். உங்கடை வள்ளத்தைத் தாங்கோ. நான் வாறன்."

அப்பா கடலுக்குப் போகாதவர் என்று சொன்னேனே. அன்றைக்குப் போனார். சம்மாட்டியார் துவாயைத் திரும்பத் தலையில் கட்டினார். வள்ளத்தைத் தள்ள முதலில் தோள் கொடுத்தது பூசாரியார். சால்வையை மணலில் எறிந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினார். எஞ்சின் முழங்கியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு விறகுக் கொட்டிலுக்கு ஓடினாள். இந்தமுறை யாரும் வழியை மறிக்கவில்லை.

இருட்டியும் அவர்கள் வரவில்லை. மச்சாள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா அவளுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார், தானும் ஒன்று குடித்தார். அம்மா சொன்னது பிழையாகிப்போனால் இந்தத் தெருவில் எங்களுக்கு வாழ்வில்லை. அது எனக்குக்கூட விளங்கியது.

காலையில் அக்கா காதைப் பொத்திக்கொண்டு எழும்பினாள். அரைச்சுவரில் இருந்து எடுத்தது சம்மாட்டியாரின் பிளக். பெரியண்ணாவுடையது இருந்த இடத்திலேயே இருந்தது. மச்சாள் அதைக் கண்டாள். ஆனால் அக்காவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழும்பி, கொண்டை அவிழ, கரைக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

குடாப் பக்கத்திலிருந்து சம்மாட்டியாரின் வள்ளம் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இன்னொரு வள்ளம். பின் வள்ளத்தின் எஞ்சின் மேலே தூக்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில், யாருடையதோ சாரம் உடுத்துக்கொண்டு, பெரியண்ணா. சத்தம் ஒன்று, வள்ளம் இரண்டு. கரையில் நின்ற எல்லாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பொழுது மறையும் வேளையில், குடா வாயில் கற்பாறைக்குக் கிட்ட, ஒற்றைத் தண்டோடு போராடிக்கொண்டிருந்தவரைக் கண்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாறைதான். காற்றுக்கு எதிரே திரும்ப முடியாமல் மூதூர்ப் பக்கம் ஒதுங்க, அங்கே ஒரு காக்கா, முஸ்லிம் பெரியவர், தன் வீட்டில் படுக்க வைத்து, உடுப்புக் கொடுத்து, பிட்டும் ஆணம் என்கிற மீன் குழம்பும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த ஆணத்தின் ருசியை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காக்காவின் முகத்தை நான் கண்டதில்லை, ஆனாலும் அவருக்காக இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

இதன் பிறகு அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மச்சாளும் பெரியண்ணாவும் காலில் விழ வந்தார்கள், அம்மா விடவில்லை. ஆனால் ஊர் ஊர்தான். தெய்வத்தை இழந்த கோபம் சிலருக்கு ஆறவில்லை. கலியாண வீட்டு வெற்றிலை மறுபடி எங்கள் படலைக்கு வரவில்லை. அம்மா கூறைச் சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். வைக்கும்போது பெருமூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. வைத்துவிட்டுப் போய், செவ்வரத்தம்பூவெல்லாம் கூட்டி அள்ளி எறிந்து, பிளக்குகளில் இருந்த சந்தனத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒரு பிளக்கையும் இடம் மாற்றாமல் துடைத்தார். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று இரவு வெள்ளைச் சோறு ஒரு கோப்பை முழுவதும் சாப்பிட்டாள். அம்மா அடுப்படியில் திரும்பி நின்று அழுதார், அது சந்தோச அழுகை என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு அம்மா கிடைத்தது பெரிய கொடுப்பினை. பெருமை வருகிறபோது பிள்ளையைப் பற்றி உண்மை சொல்ல எத்தனை பேரால் ஏலும்? பழி வருகிறபோது யாரும் சொல்லுவார்கள். ஆகவே, கூட்டத்தில் ஆறுதல் சொன்ன நல்ல மனசுக்காரரே, கோபிக்காதீர்கள். அந்தப் பேரனுக்கு என்ன சக்தி என்று தேட வேண்டாம். அவனுக்கு எது நோகிறது என்று பாருங்கள். எதில் சந்தோசப்படுகிறான் என்று பாருங்கள். பெரிய ஆளாக வராவிட்டாலும் அவன் பிள்ளைதான். என் அக்கா ஒன்றாகவும் வரவில்லை. இடம்பெயர்ந்து போன முகாம்களிலும் திரும்பி வந்த வீட்டிலும் என்னோடு இருந்தாள். என் பிள்ளைகள் அவளுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் விளையாடப் பழகினார்கள். அதனால் அவர்கள் நல்ல மனிதர்களாக வந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரியண்ணா வந்து நாலைந்து நாள் கழித்து, காற்றுக் கொஞ்சம் தணிய, எஞ்சினைத் திருத்திக்கொண்டு மறுபடி தொழிலுக்குப் போகிறார். மச்சாள் அவரைப் படலையடியில் மறித்து நின்று சொன்னதை நான் கேட்டேன்.

"வரேக்கை கரைக்கு வெளியிலையே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, தண்டு வலிச்சு வாங்கோ. பிள்ளைக்கு நோகும்."

"விசரோ உனக்கு? அப்ப நான் வாறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியத் தேவையில்லை. நான் கரையிலை வந்து நிக்கிறன்."

கடலைக் கண்டால் நடுங்குகிறவள் சொன்னாள். அந்தச் சத்தம் ஒன்றுக்காகத்தான் அவள் நாள் முழுவதும் சாப்பிடாமல் காது கொடுத்து நின்றாள். அதைத்தான் வேண்டாம் என்றாள்.

பெரியண்ணாவைக் கண்டு மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். எஞ்சின் வாங்கிவிட்டுத் தண்டு வலிக்கிறான் பார் என்றார்கள். பிறகு ஒருவர் நிறுத்தினார், இன்னொருவர் நிறுத்தினார். சம்மாட்டியார் கடைசிவரை நிறுத்தவில்லை, ஆனால் எங்கள் வீட்டுக்கு நேரே வரும்போது சத்தத்தைக் குறைப்பார். மாரி முடிந்து கடல் அடங்கிய ஒரு பின்னேரம், அக்கா முற்றத்தில், பீப்பாவடியில் இருந்தாள். வெளியே வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. தண்டு தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். கை இரண்டும் மடியில் இருந்தன. வேலிக்கு அப்பால், மணலில், மாமி உட்பட எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும், யார் வருகிறார் யார் வரவில்லை என்று ஒன்றும் தெரியாமல், கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.